மீசை முளைத்த அன்னை

கல்லூரி முதல்வருக்குச் சிலை எழுப்புவர். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரின் பெயரால் நிதி திரட்டுவர். அகரம் கற்பித்தவரையோ உலகம் எளிதில் மறந்துவிடுகிறது. "உம்முடைய முதல் ஆசிரியர் யார்?" என்று வினவினால், நம்மில் பலர் சற்று நேரம் விட்டத்தைப் பார்த்து நின்று, பிறகு "பெரிய வாத்தியார்" என்று மட்டும் விடை கூறுவர். பெயர் நினைவிற்கு வாராது.

நம் காலனிக் குழந்தைகள் பயிலும் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் இவ்வாண்டு ஓய்வு பெறுகிறார் என்பதை அன்பர்கள் அறிவர். அன்னாரைப் பற்றி ஒரு கட்டுரை வரைய வேண்டும் என்று மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தனர். அவரை அணுகியபோது அவர் இசையவில்லை. "என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? பிழைப்பு நாடி இந்தக் குஜராத்து மண்ணுக்கு வந்தவர்கள் நாம். இம்மண்ணில் தோன்றிய கிஜுபாயைப் பற்றி எழுதுங்கள். நாங்கள் செய்வதெல்லாம் அவர் செய்ததில் கால் பங்கு" என்றார். ஆசிரியர் சொல்லைத் தட்டி நமக்குப் பழக்கமில்லை. எனவே அவர் காட்டிய பெருமகனாரின் வரலாற்றையே ஈண்டு வரைகின்றோம்.

கிரிஜாசங்கர் பகவான்ஜி பதேக்கா என்பது அவர்தம் முழுப் பெயர். சௌராஷ்டிரத்தில் சித்தல் என்னும் சிற்றூரில் 1885ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பிறந்தார். சௌராஷ்டிரம் என்றவுடன் மதுரை மாசி வீதிகளும் ஆங்குள்ள நெசவாளப் பெருமக்களும் நம் நினைவில் எழுவது இயல்பே. அவர்தம் முன்னோர் புறப்பட்ட நாடு இஃது என்பர். நாமோ எதிர்த்திசையில் வந்து சேர்ந்தவர்கள்.

கிஜுபாயும் பிழைப்பு நாடி வெளியேறியவரே என்பது நம்மனோர் கருதத்தக்கது. 1907இல் கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். ஆங்கே ஒரு வழக்கறிஞரிடம் பணியாற்றி 1909இல் திரும்பினார். பின்னர் பம்பாயில் சட்டம் பயின்று, வத்வானில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். இன்று சுரேந்திரநகர் என்று நாம் பயணச்சீட்டில் காணும் ஊர், அந்நாளில் வத்வான் முகாம் என வழங்கியது. தொழிலும் நன்றாகவே நடந்தது. அந்த வழியே சென்றிருப்பின், வீடும் நிலமும் சேர்த்துக் கண்மூடிய வக்கீல்களுள் ஒருவராக அவரும் மறைந்திருப்பார்.

அவரைத் திசை திருப்பியது ஒரு குழந்தை. 1913இல் அவருக்கு நரேந்திரன் என்னும் மகன் பிறந்தான். இக்குழந்தையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்ற கேள்வி தந்தையை வாட்டியது. அக்காலப் பள்ளிகளின் தன்மையை நம் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளிகளைக் கேட்டறிந்தோர் உணர்வர். சட்டாம்பிள்ளையின் பிரம்பு, கோதண்டம், மண்டியிடுதல், மணலில் விரல் தேய எழுதுதல் ஆகியவை ஒரு தேசத்துக்கு மட்டும் உரியவை அல்ல. "அடி உதவுகிறது போல அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்ற பழமொழி நம்மிடம் உண்டு. அதன் உடன்பிறப்புகள் எல்லா மொழிகளிலும் உண்டு. தம் மகனை அந்தப் பிரம்பினிடம் ஒப்படைக்க வக்கீலுக்கு மனம் வரவில்லை.

மாற்று வழி தேடி வசோ என்னும் ஊருக்குச் சென்று, பரோடா நாட்டு நூல்நிலைய இயக்கத்தின் தூணாக விளங்கிய மோதிபாய் அமீன் அவர்களைக் கண்டார். அவர் மாண்டிசோரி அம்மையாரின் கல்வி முறையைப் பற்றிய ஒரு நூலைக் கையில் கொடுத்தார். இத்தாலிய நாட்டு மருத்துவரான அவ்வம்மையார், 1907இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகளுக்கென ஓர் இல்லம் திறந்து, குழந்தை தன் கையால் செய்து தானே கற்கும் என்பதை உலகுக்குக் காட்டியவர். அந்த நூல் வக்கீலின் மனத்தில் வித்தாய் விழுந்தது.

பாவ்நகரில் அப்போது தட்சிணாமூர்த்தி வித்யார்த்தி பவன் என்னும் மாணவர் இல்லம் நடைபெற்று வந்தது. சாமள்தாஸ் கல்லூரிப் பேராசிரியர் நானாபாய் பட் 1910இல் தொடங்கிய நிறுவனம் அது. நம் கோயில்களின் தெற்குச் சுவரில் கல்லால மரத்தடியில் அமர்ந்து, வாய் திறவாமல் முனிவர்க்கு உணர்த்தும் பெருமானின் திருப்பெயரை ஒரு பள்ளிக்குச் சூட்டிய பொருத்தத்தை எண்ணி எண்ணி மகிழ்ந்தோம். 1916இல் கிஜுபாய் கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டு இவ்வில்லத்தில் பணியேற்றார்.

இருப்புப்பாதை ஊழியராகிய நம் கண்ணுக்கு இதில் ஒரு சுவை தெரிகிறது. பாவ்நகர் சமஸ்தானத்தின் இருப்புப்பாதை 1880இல் திறக்கப்பட்டபோது, அஃது ஓடியது பாவ்நகருக்கும் வத்வானுக்கும் இடையே. 1951 நவம்பர் 5ஆம் நாள் மேற்கு இரயில்வே உருவானபோது அப்பாதையும் அதனுள் அடங்கியது. ஒரே பாதையின் ஒரு முனையில் அவர்தம் நீதிமன்றம் இருந்தது. மறு முனையில் அவருக்காகப் பள்ளி காத்திருந்தது. இவ்வழியில் எத்தனையோ ஆயிரம் பேருக்கு நம் துறை சீட்டுக் கிழித்திருக்கும். இவரைப் போல வருமானத்தை விட்டு வந்த பயணி எத்தனை பேர் இருந்திருப்பர்!

முதலில் மாணவர் இல்லத்தின் துணைக் கண்காணிப்பாளராகவும், பின்னர் அதன் உயர்நிலைப் பள்ளியாகிய விநய மந்திரின் தலைவராகவும் அவர் பணியாற்றினார். ஆங்கே அவர் கண்டது யாதெனில், உயர்நிலை வகுப்புக்கு வந்து சேரும் பிள்ளைகள் அதற்கு முன்பே அச்சத்தாலும் மனப்பாடத்தாலும் வளைந்துவிட்ட கன்றுகளாய் வருகின்றனர் என்பதே. வேரைத் தொடாமல் கிளையை நிமிர்த்துவது எங்ஙனம்? எனவே 1920இல் பாலமந்திர் என்னும் மழலையர் பள்ளியைத் தொடங்கித் தாமே அதன் தலைமையை ஏற்றார்.

உயர்நிலைப் பள்ளித் தலைமையிலிருந்து இரண்டரை வயதுக் குழந்தைகளின் பள்ளிக்கு இறங்குவதை நம் அலுவலக வழக்கில் பதவி இறக்கம் என்போம். தண்டனையாக அன்றி அதனை எவரும் பெறுவதில்லை. இவரோ அதனைக் கேட்டுப் பெற்றார்! சட்டம் படித்த, அடர்ந்த மீசையுடைய ஆண்மகன் ஒருவர் தரையில் அமர்ந்து குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்து விடுவதை ஊரார் எப்படிப் பார்த்திருப்பர் என்று எண்ணிப் பாருங்கள். குழந்தை வளர்ப்பு பெண்டிர் வேலை என்று இன்றும் நம் வீடுகளில் செய்தித்தாளுக்குப் பின்னே முகத்தை மறைத்துக்கொள்ளும் தந்தைமார் உண்டு. ஆனால் நாளடைவில் குஜராத்து மக்கள் அவருக்கு வழங்கிய பட்டம் "மூச்சாளி மா" என்பது. மீசை முளைத்த அன்னை என்பது அதன் பொருள். அரசாங்கம் தரும் எப்பட்டத்தினும் இது பெரிது என்பது நம் துணிபு.

1922இல் தக்தேசுவரர் கோயிலை அடுத்த மேட்டில் பாலமந்திருக்குப் புதுக் கட்டடம் எழுந்தது. அன்னை கஸ்தூரிபா அதனைத் திறந்து வைத்தார். அப்பள்ளியில் பிரம்பு இல்லை. பரிசும் இல்லை என்பதுதான் இன்னும் வியப்பு. அடியைக் கைவிட்டவர் பலர் பரிசைக் கைவிடவில்லை. ஒரு குழந்தைக்குப் பரிசு தருகையில் ஒன்பது குழந்தைகளின் முகம் வாடுகிறது; பரிசு பெற்ற குழந்தையும் வேலையை மறந்து பரிசையே நாடுகிறது. அச்சமும் ஆசையும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்று கண்டவர் கிஜுபாய். (நம் சங்க ஆண்டு விழாவின் பரிசளிப்பு நிகழ்ச்சியைக் குறித்து நாம் ஒன்றும் கூறவில்லை. அதற்குச் செயற்குழு இருக்கிறது.)

மரத்தில் கடைந்த உருளைகள், வண்ணத் தகடுகள், தடவிப் பார்த்துக் கற்கும் சொரசொரப்பான எழுத்துகள் முதலிய மாண்டிசோரிக் கருவிகளை அவர் பயன்படுத்தினார். ஆனால் அம்மையாரின் அடியொற்றி மட்டும் அவர் நடக்கவில்லை. பேசும் விலங்குகளும் மாய மந்திரங்களும் நிறைந்த கற்பனைக் கதைகளைச் சிறு குழந்தைக்குச் சொல்வதை அம்மையார் அவ்வளவாக விரும்பவில்லை. கிஜுபாயோ கதையையே பள்ளியின் உயிர்நாடியாக்கினார். பாட்டிமார் வாய்மொழியாக வழங்கிய நாட்டுக் கதைகளையும் பாடல்களையும் தேடித் திரட்டினார். நாடகம் ஆடச் செய்தார். தோட்டம் போடவும் களிமண் பிசையவும் விட்டார். மேல்நாட்டு வித்தை இந்த மண்ணின் பயிராயிற்று. எதையும் அப்படியே இறக்குமதி செய்வோரும், எதையும் அப்படியே மறுப்போரும் மலிந்த நாட்டில், இந்த நடுவழி அரிது.

அவர் எழுதிய தலா தர்வாடியின் கதையைக் குஜராத்தி கற்கும் நம் காலனிப் பிள்ளைகள் அறிந்திருப்பர். பெற்றோர் அறிந்திருக்க மாட்டார்கள். கத்தரிக்காய்க்கு ஆசைப்பட்ட ஒருவர், பிறர் தோட்டத்துக்குள் சென்று, தோட்டத்தையே அழைத்து, சில காய்கள் பறிக்கலாமா என்று கேட்பார். பிறகு தோட்டத்தின் சார்பில் தாமே, பத்துப் பன்னிரண்டு எடுத்துக்கொள் என்று விடையளிப்பார்! கேட்டதும் ஆயிற்று, அனுமதியும் கிடைத்தது. ஒருநாள் தோட்டக்காரர் இதனைக் கண்டுபிடித்து, அவரைக் கிணற்றில் இறக்கி, கிணற்றைக் கேட்டுக் கேட்டே முக்கி எடுப்பார். திருடாதே என்ற நீதியை ஒரு வரி கூடப் போதிக்காமல் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும்படி சொன்ன கதை இது. நம் வீட்டுச் சிறுவன் இதனை நமக்குத் தமிழில் சொன்னபோது, நமக்குத் தெரிந்த சில ஒப்பந்தக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

ஒரு பள்ளியை நன்கு நடத்துவதோடு தலைமையாசிரியரின் கடமை முடிந்தது என்று அவர் கருதவில்லை. இராஜ்கோட்டில் பெண்கள் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் பதவியை விட்டு வந்த தாராபாய் மோடக் என்னும் அம்மையார் 1923 அளவில் அவருடன் சேர்ந்தார். இருவரும் 1926இல் நூதன பால சிக்ஷண சங்கத்தை நிறுவினர். அத்யாபன மந்திர் என்ற பயிற்சி நிலையத்தின் வாயிலாக நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் உருவாகி ஊர்தோறும் சென்றனர். அவர்தம் நூல்கள், சிறியவும் பெரியவுமாக, இருநூறுக்கு மேல் என்பர். அவற்றுள் பெற்றோர்க்கென எழுதிய ஒன்றின் பெயர், தாய் தந்தையராவது கடினம் என்று பொருள்படும். தலைப்பைக் கேட்ட அளவிலேயே நூலின் பாதியைப் படித்தாற்போல இருக்கிறது.

அவர் நூல்களுள் தலையாயது 1930களின் தொடக்கத்தில் வெளிவந்த "திவாஸ்வப்னம்". "பகல் கனவு" என்ற பெயரில் தமிழிலும் வந்து, நம் நாட்டு ஆசிரியர் பலர் போற்றிப் படிக்கும் நூலாகியிருக்கிறது. கதை எளியது. ஓர் ஆசிரியர் கல்வி அதிகாரியிடம் சென்று, சாதாரண அரசுப் பள்ளியின் நான்காம் வகுப்பை ஓராண்டுக்குத் தம்மிடம் விடுமாறு வேண்டுகிறார். முதல் நாள் பெருந்தோல்வி. கண்மூடி அமைதியாய் இருக்கும் விளையாட்டை நடத்த முயல்கிறார்; பிள்ளைகள் கூச்சலிட்டும் கைகொட்டியும் அவரைத் திணற அடிக்கிறார்கள். அடுத்து அவர் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு அடங்குகிறது. பாடநூலுக்கான காசை ஒன்று சேர்த்து வகுப்புக்கே ஒரு நூல்நிலையம் அமைக்கிறார். சக ஆசிரியர்கள் எள்ளுகிறார்கள். பெற்றோர் ஐயுறுகிறார்கள். தேர்வு என்னாகும் என்ற அச்சம் எல்லோரையும் சூழ்ந்து நிற்கிறது.

அந்நூலில் நம்மை மிகவும் கவர்ந்தது அந்த முதல் நாள் தோல்வியே. சீர்திருத்தம் பேசும் நூல்களில் ஆசிரியர் வகுப்பில் நுழைந்தவுடன் பிள்ளைகள் தேவர்களாகி விடுவது வழக்கம். கிஜுபாய் உண்மையான வகுப்பறையில் நின்றவர். நாற்பது பிள்ளைகளின் இரைச்சல் எத்தகையது என்பது அவர் காதுக்குத் தெரியும்.

1930இல் உப்பு அறப்போர் மூண்டபோது அவர் பள்ளிச் சுவருக்குள் அடங்கியிருக்கவில்லை. போராட்டத்தினால் ஊர் துறந்து முகாம்களில் தங்கிய உழவர் குடும்பங்களின் குழந்தைகளிடையே சென்று பணியாற்றினார். சிறுவர் படைகளுக்கு ஊக்கமளித்தார். இவற்றை விரிக்கின் பெருகும்.

1936ஆம் ஆண்டில் கிஜுபாய் தட்சிணாமூர்த்தியை விட்டு விலகினார். இருபது ஆண்டுப் பணி. அதில் பதினாறு ஆண்டுகள் மழலையர் பள்ளியின் தலைமை. வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. நாம் பணி ஓய்வு விழாக்கள் பல கண்டிருக்கின்றோம். மாலை, சால்வை, கைக்கடிகாரம், ஒரு குழுப் புகைப்படம். மறுநாள் முதல் சேமநிதித் தாள்களோடு அலுவலகப் படிக்கட்டு. ஓய்வு என்பதற்கு நாம் அறிந்த பொருள் அது. அவரோ பாவ்நகரை விட்டு இராஜ்கோட்டுக்குச் சென்று மீண்டும் ஓர் ஆசிரியர் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். உடல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1939 ஜூன் 23ஆம் நாள் பம்பாயில் காலமானார். அவருக்கு ஐம்பத்து மூன்று வயதே ஆகியிருந்தது.

விதியின் விளையாட்டு ஒன்றை ஈண்டுக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. எந்த அம்மையாரின் நூல் கிஜுபாயின் வாழ்க்கையை மாற்றிற்றோ, அந்த மாண்டிசோரி அம்மையார் அதே 1939ஆம் ஆண்டின் பிற்பகுதியில்தான் முதன்முதலாக இந்தியா வந்தார். வந்து தங்கியது நம் சென்னையில், அடையாற்றுப் பிரம்மஞான சபை வளாகத்தில். போர் மூண்டமையால் ஊர் திரும்ப இயலாமல் 1946 வரை இந்நாட்டிலேயே இருந்து, கொடைக்கானல் மலையிலும் சில காலம் வாழ்ந்து, நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைப் பயிற்றினார். சில திங்கள் முன்னதாக அவர் வந்திருப்பின், கிஜுபாய் பாவ்நகரிலிருந்து வண்டியேறிச் சென்னைக்கு வந்திருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை.

அவர் விட்ட இடத்தில் தாராபாய் தொடர்ந்தார். நகரத்து நடுத்தரக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மட்டும் இக்கல்வி போதுமா என்ற கேள்வி அவரை உறுத்திற்று. 1945இல், அனுதாய் வாக் என்னும் இளம் ஆசிரியையின் துணையோடு, தானா மாவட்டக் கடலோரச் சிற்றூராகிய போர்டிக்குச் சென்றார். அங்கே ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. வயிற்றுப்பாடும், தம்பி தங்கையரைச் சுமக்கும் பொறுப்பும் அவர்களைத் தடுத்தன. அவர்கள் வராவிடின் பள்ளி அவர்களிடம் செல்லட்டும் என்று, கருவிகளைத் தூக்கிக்கொண்டு குடிசைகளின் முற்றத்துக்கே சென்றார்கள். குளிப்பாட்டுவதும் நகம் வெட்டுவதும் முதற்பாடம். முற்றத்தில் நடந்தமையால் அதற்கு "அங்கன்வாடி" என்று பெயரிட்டவர் தாராபாய் என்பர். 1957இல் அவ்வேலை கோஸ்பாட் குன்றில் வாழும் பழங்குடி மக்களிடையே சென்றது. பம்பாய் வண்டியில் செல்லும் நாம் தஹானு ரோடு நிலையத்தில் தேநீர் அருந்தியிருப்போம். அங்கிருந்து தொலைவில்லை அக்குன்று. 1962இல் தாராபாய்க்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1973இல் அவர் மறைந்த பின்னர், அனுதாய் 1992இல் தாம் மறையும் வரை அப்பணியில் நின்றார்.

1975 அக்டோபர் 2ஆம் நாள் மைய அரசு குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டது. இன்று நம் திருநெல்வேலிப் பக்கத்துக் குக்கிராமத்திலும் "அங்கன்வாடி மையம்" என்று பலகை தொங்குகிறது. இச்சொல் பாவ்நகர் மேட்டிலிருந்து போர்டிக் கடற்கரை வழியாக நடந்து வந்தது என்பதை அப்பலகையின் கீழே செல்வோருள் எத்தனை பேர் அறிவர்?

குழந்தையை அடிப்பதும், பள்ளியில் சேர்க்கும் முன் குழந்தையைத் தேர்வு செய்து கழிப்பதும் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விதித்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1920இல் ஒரு தலைமையாசிரியர் தம் பள்ளியில் செய்ததைச் சட்டம் எட்டிப் பிடிக்கத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. சட்டம் வந்த பின்னும், மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பழங்களின் பெயர் ஒப்பிக்கப் பழக்கி, அதன் தலையில் எண்ணெய் வைத்துச் சீவி, நேர்முகத் தேர்வுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் நம் காலனியிலேயே உளர். பிள்ளை அழுதால் வாசலிலேயே ஓர் அறை. பயம் அவர்களுக்கும் இருக்கிறது; நாமும் அந்தப் பயத்துக்குப் புறம்பானவர் அல்லேம். ஊரை விட்டு வந்தவர்க்குப் பிள்ளையின் படிப்பு ஒன்றே நிலமும் வீடும். அதனால்தான் அதன் மேல் இத்தனை பாரத்தை ஏற்றுகிறோம். நம் தலைமையாசிரியர் பல ஆண்டுகளாகப் பெற்றோர் கூட்டங்களில் மெல்லிய குரலில் சொல்லி வந்ததும் இதுவே. அவர் சொன்னபோது நம்மவர் மதிப்பெண் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தனர்.

தட்சிணாமூர்த்தியின் பாலமந்திர் பாவ்நகரில் இன்றும் நடந்து வருகிறது. அவ்வழிச் செல்லும் அன்பர்கள் தக்தேசுவரர் கோயிலைத் தரிசித்துவிட்டு அந்த மேட்டையும் ஒருமுறை பார்த்து வரலாம். "பகல் கனவு" நூலின் தமிழ்ப் படிகள் இரண்டு நம் சங்க நூல்நிலையத்தில், கதவு பழுதான அலமாரியின் மேல் தட்டில் இருக்கின்றன. மெல்லிய நூல்தான், இரண்டு மாலைகளில் படித்து முடித்துவிடலாம். ஞாயிறு காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை நூல்நிலையம் திறந்திருக்கும். எடுத்துச் செல்வோர் பதினைந்து நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டுகிறோம். அடுத்துக் கேட்டு வைத்திருப்போர் சிலர் உளர்.